வீட்டுச் சாத்து

எங்கள் பிரதேச சபைக் கட்டடத்தின் பின்பக்கம், வாகனக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை இருக்கிறது. அதன் கதவுக்கு மேலே மூன்று மொழியிலும் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். சிங்களத்தில் சரியாக எழுதியிருக்கிறது. ஆங்கிலத்திலும் சரியாக எழுதியிருக்கிறது. தமிழில் மட்டும் 'வீட்டுச் சாத்து சேவைப் பிரிவு' என்று இருக்கிறது. அந்த அறையில்தான் நான் வேலை செய்கிறேன்.

சிங்களத்தில் 'சாத்து' என்றால் நோயாளியைப் பார்த்துக்கொள்வது. உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டி, புண்ணுக்கு மருந்து கட்டுவது எல்லாம் அதில் அடக்கம். நல்ல சொல்தான். தமிழில் சாத்து என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கதவைச் சாத்துவோம், கோபம் வந்தால் முதுகில் நாலு சாத்து சாத்துவோம். சாமிக்கு மாலை சாத்துவது ஒன்றுதான் கொஞ்சம் மரியாதையான சாத்து. பலகை எழுதியவருக்குப் 'பராமரிப்பு' என்ற சொல் வாயில் வரவில்லை போலிருக்கிறது. சிங்களச் சொல்லைத் தூக்கித் தமிழ் எழுத்தில் போட்டு வேலையை முடித்துவிட்டார்.

பலகை வந்த அன்றே சபைச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். பலகை எழுதியாயிற்று, பில்லும் போட்டாயிற்று, திறப்பு விழாவுக்கு நாடா கூட வாங்கியாயிற்று என்றார். "உங்க ஆட்களுக்கு எப்படியும் சிங்களம் தெரியும்தானே?" என்று சிங்களத்தில் கேட்டார். அப்படியானால் தமிழில் பலகை எதற்கு என்று கேட்டேன். சட்டம் இருக்கிறது என்றார். அதற்கு மேல் பேசினால் எனக்கு வாய் நீளம் என்ற பெயர்தான் மிஞ்சும். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

என் பதவிக்கு இணைப்பாளர் என்று பெயர். சுகாதாரப் பணிமனையில் பயிற்சி பெற்ற பராமரிப்புப் பெண்கள் இருக்கிறார்கள். சமூக சேவைப் பிரிவில் சக்கர நாற்காலியும் மெத்தையும் இருக்கின்றன. சபையிடம் வாகனம் இருக்கிறது. வீட்டோடு படுத்துக் கிடக்கிறவர்களிடம் இவை மூன்றையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. பஸ் ரோட்டோரம் இருக்கிற கிராமங்களில் இது சுலபமாக நடக்கும். மலைமேல் இருக்கிற தோட்டம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தால் எல்லார் கையும் கட்டிக்கொள்ளும். தோட்டத்துக்குச் சொந்தமாக டிஸ்பென்சரி இருக்கிறதே என்பார்கள் சுகாதாரக்காரர்கள். டிஸ்பென்சரி ஐயா பென்சன் போனபிறகு வேறு ஆள் போடவில்லை என்பார் தோட்டத்து நலன்புரி அதிகாரி. ரோடு கம்பெனியுடையது, எங்கள் வாகனம் ஏறி அச்சு உடைந்தால் யார் பொறுப்பு என்பார் செயலாளர். லயம் என்கிற வரிசை வீட்டில் காம்பராவுக்குத் தனி இலக்கமே இல்லை, எந்த முகவரிக்கு மெத்தையை அனுப்புவது என்பார்கள் சமூக சேவையில். இதற்குள் தேநீரும் மீன் அடைத்த மாலு பாணும் வந்துவிடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் கூட்டத்தில் பூசாரியே நாலு பேர்.

அந்தக் கூட்டத்துக்குள்தான் நான் ஓர் அக்காவின் புருஷனுடைய விஷயத்தைக் கொண்டுபோனேன்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. நாங்கள் ஒரே றப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு மேல் வகுப்பில் படித்தாள். நான் படித்து உத்தியோகத்துக்கு இறங்கிவிட்டேன். அவள் பாதியில் நின்று றப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். கிராமத்துச் சிங்களப் பெண்களோடு சேர்ந்தே பால் வெட்டுகிறவள் என்பதால் அவள் சிங்களம் என் சிங்களத்தைவிட நன்றாக இருக்கும். சந்தையில் அவள் பேரம் பேசுவதைக் கேட்டால் தமிழ் ஆள் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். என்னை மட்டும், நான் எத்தனை தடவை சொல்லியும் கேட்காமல், மிஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் புருஷனும் பால் வெட்டுகிறவர். ஒரு நாள் காலையில், கையில் கத்தியோடு மரத்தடியிலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆனால் வலது பக்கம் முழுக்கச் செத்துப்போயிற்று, பேச்சும் போயிற்று. காது கேட்கும், எல்லாம் விளங்கும், இடது கை அசையும். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, ஓரிடத்தில் உரியத் தொடங்கியிருந்தது. டாக்டர் அக்காவிடம் ஒளிக்காமல் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்து, புண்ணைச் சுத்தமாக வைத்தால் மனுஷன் இன்னும் பல வருஷம் இருப்பார். புண் உள்ளே இறங்கினால் ஆளைக் கொண்டுபோய்விடும்.

"எனக்கு சோறு துணி ஒண்ணும் வேணாங்க மிஸ்" என்றாள் அக்கா. "நான் மரத்துக்குப் போனா திரும்ப மத்தியானமாவுது. நின்னுட்டா வேலையில இருந்து பேர வெட்டிருவாங்க. இவரப் பொரட்டிப் போட்டு, புண்ணக் கழுவிவிட ஒரு ஆளு வேணும். வாரத்துல ரெண்டு நாளு வந்தாலும் போதும். மத்த நாளு நான் எப்புடியாச்சும் பாத்துக்குறேன்."

பிள்ளை ஒன்றுதான், மகள். கல்யாணம் முடித்துப் பெல்மதுளைப் பக்கம் போய்விட்டாள், கைக்குழந்தைக்காரி. அதனால் அக்கா தினமும் விடியுமுன் அவருக்குக் கழுவித் துடைத்து, தேத்தண்ணீர் கொடுத்து, கதவை விரியத் திறந்துவைத்துவிட்டுத்தான் போவாள். பீலிக்குத் தண்ணீருக்குப் போகிறவர்கள் வாசலில் இருக்கிற அந்த இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தி ஈயை விரட்டிவிட்டுப் போவாள், இன்னொருத்தி வாயில் தண்ணீர் ஊற்றுவாள், வேலையில்லாத ஆண்கள் யாராவது சேர்ந்து ஒரு பக்கமாகப் புரட்டிவிடுவார்கள். இதற்கு யாரும் கூட்டம் போடவில்லை, மாலு பாண் தின்னவில்லை. கதவு திறந்திருந்தது, பார்த்தார்கள், செய்தார்கள்.

கூட்டத்தில் நான் சண்டை போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். மெல்லப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. தோட்டத்துக்குக் கீழே இருக்கிற மதகு வரைக்கும் ரோடு நல்ல ரோடு, அதற்கு மேல் நடந்து போகலாம், எங்கள் சனம் பிரசவ வலியோடேயே அந்த ரோட்டில் நடந்திருக்கிறது என்றேன். கடைசியில் சரி என்றார்கள். திங்களும் வியாழனும் காலையில் ஒரு பராமரிப்புப் பெண் போவதென்று முடிவாயிற்று. வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், இரண்டு தரம் போயும் வீடு பூட்டியிருந்தால் அவர்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு நோயாளிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. நோயாளிகள் நிறைய, பெண்கள் கொஞ்சம் என்பதால் அந்த விதியில் எனக்கும் அப்போது குறை தெரியவில்லை.

நானே மலையேறிச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். அந்த நேரம் பார்த்து என்னை வேறொரு கணக்கெடுப்புக்கு இழுத்துக்கொண்டார்கள். கணக்கெடுப்புக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமாம். தமிழ் ஆளுக்குத் தமிழில் ஒரு தகவல் சொல்ல வேண்டிய இடத்திலிருந்து தமிழ் தெரிந்த ஒரே ஆளைத் தூக்கினார்கள். எங்கள் நிர்வாகத்தின் மூளை அப்படி வேலை செய்யும்.

அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்கிற பொறுப்பைச் சமூக சேவை உத்தியோகத்தர் தானாக ஏற்றுக்கொண்டார். சிங்களப் பையன், வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான். அரசாங்கத் தமிழ் வகுப்புக்குப் போய்ப் பரீட்சையும் சித்தியடைந்தவர். காலையில் என்னைக் கண்டால் "வணக்கம் மிஸ், எப்படிச் சுகம்?" என்று புத்தகத்தில் இருக்கிற மாதிரியே கேட்பார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவர் நல்ல பிள்ளை. தமிழ் அம்மாவிடம் தமிழில்தான் பேச வேண்டும் என்று நினைத்தவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான்.

போனில் என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்.

"அம்மா, திங்கள், வியாழன், காலையில் வீட்டுச் சாத்து. மறக்க வேண்டாம்."

"சாத்தணுங்களா சார்?"

"ஓம், ஓம். சாத்து. கட்டாயம்."

அவ்வளவுதான். அக்கா சரிங்க சார் என்று வைத்துவிட்டாள். அவருக்கும் திருப்தி. முதல் தடவையாக ஒரு முழுப் பேச்சையும் தமிழில் பேசி முடித்திருக்கிறார்.

ஏன் சாத்தச் சொல்கிறார்கள் என்று அக்கா கேட்கவில்லை. எங்கள் சனம் கேட்காது. கொரோனா காலத்திலும் இப்படித்தான் போன் வந்தது, லயத்தைச் சாத்தச் சொன்னார்கள், சாத்தினோம். ஆபீசிலிருந்து சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும். அக்கா யோசித்துக் காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டாள். புண் இருக்கிறது, ஈ மொய்க்கும், அதனால்தான் கதவைச் சாத்தச் சொல்கிறார்கள்.

நான் கணக்கெடுப்பு முடிந்து திரும்பி வந்தபோது அந்தப் பையன் வாடிய முகத்தோடு நின்றார்.

"மிஸ், அந்த அம்மாவுக்கு விருப்பம் இல்லை. இரண்டு தரமும் வீடு பூட்டு. இப்போது வேறு ஆளுக்குக் கொடுத்தாச்சு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வீட்டில் பூட்டு இருந்ததே எனக்குத் தெரியாது. போனில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். சொன்னார். சாத்து என்ற சொல்லை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். அவர் கையை உயர்த்தி எங்கள் கதவுக்கு மேலே காட்டினார்.

சிங்களத்தில் அவரிடம் விளக்கினேன். விளங்கியதும் வாகனத்தை யாரிடமும் கேட்காமல் அவரே எடுத்தார். அந்தப் பராமரிப்புப் பெண்ணையும் வழியில் ஏற்றிக்கொண்டு மதகு வரை போய், அங்கிருந்து நடந்தோம்.

கதவு பூட்டியிருந்தது. அது திங்கட்கிழமையும் இல்லை, வியாழக்கிழமையும் இல்லை. பக்கத்துக் காம்பராப் பொம்பளை, "இப்பல்லாம் தெனமும் பூட்டிட்டுத்தான் போகுது. நாங்க கேட்டதுக்கு, ஆபீசுல சொல்லிட்டாங்கன்னு சொல்லுச்சு" என்றாள். அக்காவைக் கூட்டி வர மலைக்கு ஆள் ஓடியது.

நாங்கள் இஸ்தோப்பில் நின்றோம். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் நின்று மறுபடி டொக். தகரக் கோப்பையால் சுவரில் தட்டுகிற சத்தம்.

பராமரிப்புப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிராமத்துச் சிங்களப் பெண், நல்ல கை, எத்தனையோ பேரைத் தேற்றியவள்.

"இந்தச் சத்தம் அன்றைக்கும் கேட்டது அக்கே" என்றாள் சிங்களத்தில். "நான் கதவைத் தட்டத் தட்டக் கேட்டது. பக்கத்து வீட்டில் மிளகாய் இடிக்கிறார்கள் என்று நினைத்தேன்."

இரண்டு தரமும் அவர் உள்ளேதான் இருந்திருக்கிறார். அவள் தட்டியிருக்கிறாள், அவர் திருப்பித் தட்டியிருக்கிறார். அந்தப் பையன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அக்கா பால் வாளியோடேயே ஓடிவந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துத் திறந்தாள். திறந்ததும் வந்த வாடையை நான் எழுதப்போவதில்லை. பின்பக்கம் சன்னல் இல்லாத காம்பரா அது. அக்காவுக்கு எங்களைக் கண்டதில் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"சார் சொன்ன மாதிரியே சாத்திட்டுத்தாங்க போறேன். ஈ என்ன, திங்கள் வியாழன் பாத்தா வருது? அதான் எல்லா நாளும் சாத்திருறேன். சும்மா சாத்துனா காத்துல தொறந்துக்குது, பூட்டும் போட்டுட்டேன். ஒரு ஈய உள்ள விடல மிஸ்."

பராமரிப்புப் பெண் மண்டியிட்டு வேலையைத் தொடங்கினாள். அவரைப் புரட்டியபோது புண் எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று தெரிந்தது. ஈ மொய்க்கவில்லை, உண்மைதான். ஆனால் ஆளும் மொய்க்கவில்லை. திறந்த கதவைப் பார்த்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த லயம், பூட்டைப் பார்த்து நேராகப் பீலிக்குப் போய்விட்டது. விடியற்காலையில் படுத்தபடியே மத்தியானம் வரை அவர் கிடந்திருக்கிறார். அவர் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையை மட்டும் கடைசிவரை விடவில்லை.

நாற்காலியில் உட்காரவைத்து லயத்து ஆண்கள் மதகு வரை தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் புண் வழியாக விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர். அந்த வாரம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

சாவு வீட்டில் பேச்சு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் காதால் கேட்டபோது தாங்கவில்லை. "பேச முடியாத மனுசனப் பூட்டி வெச்சுக் கொன்னுட்டா" என்றாள் ஒருத்தி, அக்காவின் காதில் விழுகிற மாதிரியே. மகளும் தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் எழுந்து, அவள்மேல் தப்பில்லை, எங்கள் ஆபீசில்தான் தப்பு, சார் சொன்னது சிங்களச் சாத்து என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். உத்தியோகக்காரி ஒருத்தி தெரிந்தவளுக்காகப் பேசுகிறாள் என்ற மாதிரிதான் பார்த்தார்கள். அக்காவே நம்பவில்லை.

"நீங்க எனக்காகச் சொல்றீங்க மிஸ்" என்றாள் பிறகு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு. "சார் படிச்சவரு. அவரு ஏன் அப்புடிச் சொல்லப் போறாரு? நான்தான் ஏதோ தப்பாக் கேட்டுட்டேன். எனக்குத்தான் காது செவிடாப் போச்சு."

அடுத்த கூட்டத்தில் நான் இதைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்கள். தோட்டத்து நலன்புரி அதிகாரி மிகவும் வருத்தமான சம்பவம் என்றார். செயலாளர் தொடர்பாடலில் சிறு இடைவெளி ஏற்பட்டிருக்கிறது என்றார். இடைவெளியாம். பலகையை மாற்ற வேண்டும் என்றேன். இந்த வருஷத்துப் பணம் முடிந்தது, பார்க்கலாம் என்றார்கள். ஏணி வைத்து ஏறி அந்த ஒரு சொல்லின்மேல் நானே தார் பூசலாமா என்று ஒரு நாள் நினைத்தேன். அரச சொத்துக்குச் சேதம் என்று எழுத்தில் விளக்கம் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன். அவருக்கென்று அனுமதித்த மெத்தை மட்டும் காரியம் முடிந்தபிறகு ஒழுங்காக அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.

அன்றைக்குப் பராமரிப்புப் பெண் வைத்துவிட்டு வந்த மலத்தட்டும் றப்பர் விரிப்பும் சபைக்குச் சொந்தமானவை. அவற்றைத் திருப்பிக் கேட்டு அக்காவுக்கு அறிவித்திருக்கிறார்கள், எனக்குச் சொல்லாமலே. அவள் இரண்டையும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு புதுப் பையில் போட்டு, மலையிறங்கி பஸ் ஏறி வந்துவிட்டாள். அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

நான் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வெளியே போனேன். அவள் கதவுக்கு வெளியே பையோடு நின்று தலையைத் தூக்கிப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி எழுத்து எழுத்தாக, உதடு அசைய.

"வீட்டுச்... சாத்து..."

மறுபடி ஒரு தரம் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் சரியாத்தானே கேட்டிருக்கேன் மிஸ்?"

"சரியாத்தான் கேட்டிருக்கீங்க அக்கா."

"எழுதியே வெச்சிருக்காங்களே."

அந்தப் பையன் சத்தம் கேட்டு வெளியே வந்தார். அவளைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல், "வாங்க அம்மா, உள்ளே இருங்க" என்றார் தமிழில். அக்கா பையை அவர் கையில் கொடுத்தாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை. சந்தையில் பேசுகிற அந்தச் சுத்தமான சிங்களத்தில், "மஹத்தயா, இனிமேல் எங்கள் ஆட்களுக்குப் போன் எடுத்தால் சிங்களத்திலேயே சொல்லுங்கள். எங்களுக்கு விளங்கும்" என்றாள்.

அவள் திரும்பி, சட்டைக்குள்ளிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல அந்தப் பலகைய ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க மிஸ். லயத்துல காட்டணும். மகளுக்கும் அனுப்பணும்."

பலகை முழுக்கத் தெரிய வேண்டும் என்றாள். நான் இரண்டு அடி பின்னால் போய் எடுத்துக் கொடுத்தேன்.